முன்சக்கரத்து ஷாக்

வாசலில் சாக்கை விரித்து அதன்மேல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தேன். முன்சக்கரம் கழன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. அவர் எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

"அது இல்ல மே. உள்ள கீற போல்ட்டு. சாவிய ஆழமா உடு."

விட்டேன். திருப்பினேன். அசையவில்லை.

"காலை வச்சி மிதி."

மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டதோ என்று பயந்தேன். உடையவில்லை. போல்ட்டு இளகியிருந்தது. வெளிக்குழாயைப் பிடித்து இழுத்தபோது உள்ளேயிருந்து துருத்தண்ணீர் ஒழுகியது. வெற்றிலை எச்சில் நிறம்.

"எத்தினி மழை குடிச்சிருக்குது பாரு," என்றார்.

போன வாரம் கிணற்று வெடியைப் பற்றி எழுதினேன். அதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் என் வீட்டுக்காரர், என்னை மே என்றுதான் கூப்பிடுவார். பெயர் சடையன். மலையிலிருந்து இறங்கி ஊர்ஊராகக் கிணறு வெட்டப் போனவர். ஒரு நாள் வெடி முந்திக்கொண்டது. உயிர் மிஞ்சியது. இரண்டு மணிக்கட்டும் உடைந்தன. கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. சோறு பிசைவார். பிரேக்கைப் பிடிப்பார். ஸ்பேனரைத் திருப்ப முடியாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது. அதிர்ச்சி மட்டும் ஆகவே ஆகாது. ஒரு கல் தட்டினாலும் தோள் வரை ஏறும்.

அதனால்தான் அந்த வேலையை நான் செய்தேன்.

கைக்கு ஏற்ற வண்டி

எங்கள் ஊர் மலைச்சரிவில் இருக்கிறது. கீழே ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பு. கை போன பிறகு அவருக்குக் கிடைத்த ஒரே வேலை அந்தத் தோப்பின் பகல் காவல். விடியும்போது அங்கே இருக்க வேண்டும். ராத்திரிக் காவலுக்கு ஆரோக்கியம் என்று ஒரு பெரியவர் இருந்தார். கீழ் ஊர்க்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர். இவர் போனால்தான் அவர் கிளம்பலாம்.

பஸ் அந்த நேரத்துக்கு இல்லை. காட்டுப் பாதையில் சைக்கிளில் இறங்கிவிட்டால் சீக்கிரம் போய்விடலாம். சாயங்காலம் தள்ளிக்கொண்டு ஏறிவர வேண்டும். தள்ளுவதில் அவருக்குக் கஷ்டமில்லை. இறங்குவதில்தான்.

முதலில் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை எடுத்துப் போனார். அவள் கல்யாணமாகி ஆலங்காயம் பக்கம் போய்விட்டாள், வண்டி சும்மா நின்றது. ஒரு வாரம் போயிருப்பார். மணிக்கட்டு வீங்கிப் பப்பாளிக்காய் போல ஆகிவிட்டது. பாதை முழுக்கக் கல். ஒவ்வொரு கல்லும் நேராகக் கைக்கு வந்தது.

அப்புறம்தான் இந்த கியர் சைக்கிள். கீழே ஒரு வீட்டில் பையன் படிக்கப் போய்விட்டான் என்று கொடுத்தார்கள். விலை குறைந்த ரகம். பெயிண்ட் உரிந்திருந்தது. கியர் ஒன்றில்தான் நிற்கும். ஆனால் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஷாக் இருந்தது. ஹேண்டிலை அமுக்கினால் இறங்கி எழும்பும்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து கையை என்னிடம் நீட்டினார். பாரு என்பது போல. வீக்கம் இல்லை.

எங்கள் வீட்டில் அன்று கறி எடுத்தோம். வேறு எந்த வண்டிக்கும் அப்படிச் செய்ததில்லை.

பாய் சொன்னது

மலைப்பாதையில் எந்தச் சாமானும் நிலைக்காது. செருப்பே நிலைக்காது. அடுத்த மழைக்காலத்துக்குள் ஷாக் தேய்ந்துவிட்டது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் லொடலொட என்று ஆடியது. பள்ளத்தில் அமுங்கினால் எழும்பவே இல்லை.

ஒடுகத்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாயிடம் இருவரும் கொண்டுபோனோம். அவர் ஹேண்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"இது ரிப்பேர் பண்ற சாமான் இல்லம்மா. தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டணும்."

"வேற கீதா பாய்?"

"இந்த சைஸ் ஷாக் இல்ல. வேலூர்ல சொல்லி வைக்கணும். எப்ப வரும்னு தெரியாது. சாதா போர்க்கு கீது. இப்பவே மாட்டித் தர்றேன். இரும்பு. ஒண்ணும் ஆவாது."

என் வீட்டுக்காரர் அந்தச் சாதா போர்க்கை, சக்கரத்தைப் பிடிக்கிற இரும்புக் கவையைப் பார்த்தார். "அதுல ஷாக் இல்லியே."

"ஷாக்கு இன்னாத்துக்குப்பா உனுக்கு? காட்டுல ரேஸ் உடப் போறியா?"

அவர் சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினார். பாய் சிரிப்பை நிறுத்தினார். பக்கத்துக் கடையில் மூன்று டீ சொன்னார்.

டீ குடிக்கும்போது சொன்னார்: "சரி, ஒண்ணு பண்ணுங்க. வூட்ல வச்சிக் கழட்டுங்க. துருவ எடுங்க. உள்ள பிளாஸ்டிக் புஷ் தேஞ்சிருக்கும், அதுக்கு ஏதாவது சுத்திடுங்க. கிரீஸ் வைங்க. கொஞ்ச நாளு வரும். சாவி நான் தர்றேன், திருப்பிக் குடுத்துடணும்."

"கிரீஸ் இன்னாத்துக்கு பாய்? வூட்லயே எண்ணெய் கீது," என்றார் இவர்.

"எண்ணெய்னாலும் சரி. வறண்டு இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

என்ன எண்ணெய் என்று பாய் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அதற்குள் ஒருவர் பஞ்சர் வண்டியோடு வந்துவிட்டார்.

புளியும் சாம்பலும்

வாசலில் கழற்றினேன் என்றேன் அல்லவா. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

உள்குழாயில் துரு அப்பியிருந்தது. பித்தளைச் சொம்பை எப்படித் தேய்ப்போமோ அப்படித் தேய்த்தேன். பழம்புளியும் அடுப்புச் சாம்பலும். எங்களுக்குப் புளிக்குக் குறை இல்லை. மத்தியானத்துக்குள் குழாய் பளபளத்தது. சில இடங்களில் பள்ளம் விழுந்திருந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

புஷ் என்பது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையம். குழாய் ஆடாமல் பிடிப்பது அதுதான். ஒரு பக்கம் தாள் போலத் தேய்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை வெட்டி ஒரு பட்டை எடுத்தேன். வளையத்தைச் சுற்றி வைத்து அழுத்தினேன். முதலில் இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் நறுக்கினேன். சரியாக உட்கார்ந்தது.

"நீ பாய் கடையில சேந்துக்கலாம்," என்றார்.

"சேத்துக்குவாரா?"

"டீ வாங்கிக் குடுப்பாரு."

அப்புறம் எண்ணெய்.

இலுப்பை எண்ணெய் எங்கள் மலையில் எல்லாவற்றுக்கும் ஆகும். விளக்குக்கு அது. வண்டி அச்சுக்கு அது. காளையின் கழுத்தில் நுகத்தடிப் புண் வந்தால் அது. கால் வெடிப்புக்கு அது. ஆனி, ஆடியில் மரத்தடியில் கொட்டை பொறுக்கி, உடைத்து, செக்குக்குக் கொண்டுபோய் ஆட்டிவந்தால் ஒரு டின் வரும். அது வருஷம் முழுக்க அடுப்பங்கரையில் இருக்கும். எண்ணெய் என்றால் எங்கள் வாயில் அதுதான்.

ஒரு சொட்டு இரண்டு சொட்டு விடவில்லை. நன்றாக ஊறட்டும் என்று இரண்டு காலிலும் பாதிவரை ஊற்றினோம். அடியில் ஒழுகாமல் இருக்கப் பழைய டியூபை வெட்டி வாஷர் போட்டேன். அது அவர் யோசனை. நல்ல யோசனை. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் போய்வந்தவர், "மெத்தை மேல போற மாதிரி கீது," என்றார். எதையும் அவர் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

மழை விட்டும் விடாமலும் இருந்த மாதம் அது. வெயில் வந்தால் புழுங்கும்.

பனி

கார்த்திகை முடியும்போது பனி இறங்கியது. எங்கள் மலையில் பனிக்காலத்து விடியல் கொஞ்சம் கொடுமைதான். கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆடு கூட பட்டியை விட்டு வெளியே வராது.

ஒரு நாள் திரும்பிவந்தவர் கையை அடுப்பில் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னாங்க?"

"கை மரத்துப்போச்சு."

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"ஷாக் வேலை செய்யலியா?" என்றேன்.

"காலையில அமுங்கறதே தெரிய மாட்டேன்னுது. கல்லுல உழுந்தா கல்லுதான். சாயங்காலம் பாத்தா அமுங்குது."

அவருடைய அண்ணன் பெருமாள் பக்கத்து வீடு. அவர் எழுந்து வந்து சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்து குதித்தார். அப்போது சாயங்காலம். வண்டி நாள் முழுக்கத் தோப்பு வெயிலில் நின்றுவிட்டு வந்திருந்தது. அமுங்கி அமுங்கி எழும்பியது.

"ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுது. இதுக்கு இன்னா கொறை?" என்றார். "வண்டி புதுசாத்தான் கீது. தம்பி கைதான் பழைய போர்க்கு."

இவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதிலிருந்து காலையில் பாதி வழி இறங்கி நடக்க ஆரம்பித்தார். வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் நடப்பது ஓட்டுவதை விட நேரம் பிடிக்கும். தோப்புக்குப் போய்ச் சேரும்போது வெயில் வந்துவிடும். ஆரோக்கியம் காத்துக்கொண்டிருப்பார். வயதானவர். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு இன்னும் நிற்பது கஷ்டம். சில நாள் பொறுத்தார். அப்புறம் தோப்புக்காரரிடம் சொன்னார். தோப்புக்காரர் இவரிடம், "முடியலன்னா சொல்லிடுப்பா, வேற ஆள் பாக்கறேன்," என்றார்.

அன்று வந்து சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

"கை போச்சு மே," என்றார். "ஷாக் நல்லாத்தான் கீது. அண்ணன் சொல்றது கரெக்டு. கைதான் போச்சு."

குளிரில் விரல்கள் மரத்துப்போகின்றன. ஹேண்டிலில் அடி விழுகிறது. எது வண்டியின் அடி, எது கையின் நோவு என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. உடைந்த கை என்று ஒன்று இருந்தால் பழி முதலில் அதன்மேல்தான் விழும். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

"இன்னா பண்றது?"

"பனி விடற வரைக்கும் தோப்புலயே இருந்துக்கறேன். மோட்டார் ரூம் கீது. எறங்க வேணாம், ஏற வேணாம்."

மறுநாள் கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனார். வண்டியை எடுக்கவில்லை. மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

ஞாயிறு வருவேன் என்றார். முதல் ஞாயிறு வந்தார். அடுத்த ஞாயிறு வரவில்லை.

கொட்டகையில் இருந்த டின்

எங்கள் காளைக்குக் கழுத்தில் புண். சாயங்காலம் இலுப்பை எண்ணெய் டின்னை எடுத்துப்போய்த் தடவினேன். கன்று அவிழ்த்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்கப் போனதில் டின்னைக் கொட்டகையிலேயே மறந்துவிட்டேன்.

காலையில் சாணி அள்ளப் போனபோது பார்த்தேன். டின்னுக்குள் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. தடவுகிற குச்சி அதில் நட்டது போல நின்றது. இழுத்தேன். டின்னோடு சேர்ந்து வந்தது.

இலுப்பை எண்ணெய் பனியில் உறையும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எங்கள் மலையில் யாருக்கும் தெரியும். அதனால்தான் டின்னை அடுப்போரம் வைக்கிறோம். ஆனால் ஷாக்குக்குள் ஊற்றிய பிறகு அது எண்ணெய் என்கிற நினைப்பே போய்விட்டது. அது வண்டிச் சாமான் ஆகிவிட்டது.

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலேயே சைக்கிள் சாய்ந்திருந்தது.

ஹேண்டிலை அமுக்கினேன். இறங்கவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினேன். இறங்கவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தேன். பாறைமேல் உட்கார்ந்தது போல இருந்தது.

பெருமாளைக் கூப்பிட்டேன். பல் குச்சியோடு வந்தார்.

"குதிச்சுப் பாருங்க மாமா."

ஏறினார். குதித்தார். இறங்கி நின்று வண்டியைப் பார்த்தார். டின்னைக் காட்டினேன். டின்னையும் பார்த்தார். வாயிலிருந்த குச்சியை எடுத்துத் தூர எறிந்தார். போய்விட்டார்.

பாயின் சாவியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. என்ன செய்வது என்று நின்றபோது பெருமாளே திரும்பி வந்தார். டிராக்டர்க்காரரிடம் சாவியும் ஒரு தேங்காய் மூடி நிறைய கிரீஸும் வாங்கி வந்திருந்தார். கீழே வைத்துவிட்டு, "தம்பிகிட்ட நான் சொன்னத சொல்லாத," என்றார்.

"அவருக்கு முன்னாலதான சொன்னீங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

கழற்றினேன். உள்ளே கொழுப்பு மாதிரி அடைத்திருந்தது. ஸ்பிரிங் அதில் புதைந்து கிடந்தது. வெந்நீர் ஊற்றி உருக்கினேன். மண்ணெண்ணெயில் துடைத்தேன். உலர வைத்தேன். கிரீஸை மெல்லிசாகத் தடவினேன். மாட்டினேன். பாட்டில் பட்டை தேயாமல் அப்படியே இருந்தது.

அன்று வண்டியை வெளியே பனியில் நிறுத்தினேன். விடிந்ததும் ஓடிப்போய் அமுக்கினேன். இறங்கியது. எழும்பியது.

தோப்பு

எனக்கு சைக்கிள் ஓட்ட வராது. தள்ளிக்கொண்டே இறங்கினேன். கல்லில் ஏறும்போதெல்லாம் முன்பக்கம் அமுங்கியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வாங்க என்று சொல்லப் போகிறேன் அல்லவா.

அவர் மோட்டார் ரூம் வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். தீப்பெட்டியைப் பாதங்களுக்கு நடுவே இடுக்கிவைத்துக் குச்சி கிழித்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மாட்டுக்கு இன்னாச்சு?"

"மாடு நல்லா கீது. கை இல்லீங்க. எண்ணெய்."

"இன்னா எண்ணெய்?"

சொன்னேன். டின்னைச் சொன்னேன். குச்சி நின்றதைச் சொன்னேன். அவர் ஹேண்டிலை அமுக்கினார். இறங்கி எழும்பியது. மறுபடி அமுக்கினார். மறுபடி.

"காலையில பாத்தியா?"

"பனியில நிறுத்திப் பாத்தேன்."

"அப்ப கை போவல."

"போவல."

அவர் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் கம்பளி எங்கே என்று தேடினேன். மடிக்கலாம் என்று.

"தோப்புக்காரரு ஆரோக்கியத்த நிறுத்திட்டாரு," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நான் இங்கயேதான கீறேன், ராத்திரிக்கு இன்னொரு ஆள் எதுக்குன்னாரு. ரெண்டையும் பாத்துக்கறேன்னு ஒத்துக்கினேன். இந்த வாரந்தான்."

"திருப்பிக் கூப்புடச் சொல்லுங்க."

"அவரு பொட்டிய எடுத்துக்கினு மவ வூட்டுக்குப் போய்ட்டாரு. போவும்போது எங்கிட்ட பேசல." அடுப்பில் சுள்ளியைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நான் மலைக்கு வர்றேன்னா ரெண்டுக்கும் சேத்து வேற ஆள் வப்பாரு. ரெண்டு கையும் நல்லா கீறவனா வப்பாரு."

"நான் இங்க வந்துடட்டா?"

"மாட்ட யாரு பாக்கறது? சாமைய யாரு அறுக்கறது?"



அவர் சமைத்த சோற்றைச் சாப்பிட்டேன். குழைந்திருந்தது. கஞ்சியை வடிக்கப் பானையைச் சாய்க்க முடியாமல் அப்படியே விட்டிருப்பார். சட்டியைக் கழுவினேன். ரூமைப் பெருக்கினேன். கம்பளியை உதறிக் காயப்போட்டேன். பெருக்குவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

"வண்டி இங்கயே இருக்கட்டும்," என்றேன்.

"இங்க எல்லாம் சமமா கீது. நடந்தே சுத்திடுவேன். மேல எடுத்துக்கினு போ. அண்ணன் வேணும்னா ஓட்டட்டும்."

கிளம்பினேன். கேட் வரைக்கும் வண்டியை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். நடக்க நடக்க ஹேண்டிலை அமுக்கிக்கொண்டே வந்தார். கேட்டில் என்னிடம் கொடுத்தார்.

"பனி விட்டா வர்றீங்களா?" என்றேன்.

"பனி விட்டா மா பூக்கும். அப்பதான் காவல் ஜாஸ்தி."

நான் வெளியே வந்தேன். அவர் உள்ளேயே நின்று கேட்டை இழுத்துச் சாத்தினார். கொண்டி துருப்பிடித்திருந்தது. விரலால் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. முழங்கையை வைத்துத் தள்ளிப் போட்டார். அது விழுந்ததைக் கேட்டுவிட்டுத்தான் நான் மலைப்பக்கம் திரும்பினேன்.